வானத்தில் ஓடிய முதல் நெட்வொர்க்!

நெட்வொர்க், புரோட்டோகால், ரூட்டர், ஐ.பி. முகவரி... புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களை முதல் வாரத்திலேயே மிரட்டும் வார்த்தைகள் இவை. "இதெல்லாம் என்ன சார், ஒன்றுமே புரியவில்லையே!" என்று என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் கேட்பது வழக்கம். புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் சிறிய அளவில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பவன் நான். இந்தக் கேள்விக்கு நான் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டுவதில்லை. ஆகாய விமானத்தைக் காட்டித்தான் பதில் சொல்வேன்!

காரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்தவுடன் பயணிகள் விமானங்கள் நாடு விட்டு நாடு பெருமளவில் பறக்கத் தொடங்கின. அவற்றுக்காக ஒரு ரேடியோ தகவல் தொடர்பு ஏற்பாடு உருவானது. இன்று இண்டர்நெட்டில் நாம் பார்க்கும் முகவரி, முன்னுரிமை, வழி மாற்றி அனுப்புதல், "கிடைத்தது" என்று பதில் சொல்லுதல் ஆகிய அத்தனையும் அதில் இருந்தன. ஒரே ஒரு வித்தியாசம்தான். நமக்கு ஒரு மெயில் வராமல் போனால் திரும்ப அனுப்பச் சொல்லலாம். அங்கே ஒரு செய்தி தவறிப் போனால் உயிர்கள் போய்விடும். அதனால்தான் அந்தக் கதையைத் தெரிந்து கொண்டால் நெட்வொர்க் என்பது எதற்காக என்று மனதில் பதிந்து விடுகிறது.

ரேடியோ இல்லாமல் பறந்த காலம்

1932 அக்டோபர் 15-ம் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் மூட்டைகளுடன் பறந்து வந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக அந்தத் தபாலைச் சென்னைக்குக் கொண்டு வந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட். அந்தச் சின்னஞ்சிறு 'பஸ் மாத்' விமானத்தில் ரேடியோ கிடையாது. கீழே தெரியும் ரயில் பாதை, ஆறு, மலை இவைதான் வழிகாட்டி. மேகம் மூடினால் அவ்வளவுதான்.

போர்க் காலத்தில் இன்னொரு அதிசயம் நடந்தது. 1943 முதல் 1945 வரை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கும் இலங்கையின் கொக்கல ஏரிக்கும் இடையில் குவான்டாஸ் நிறுவனம் 'கேட்டலினா' கடல் விமானங்களை இயக்கியது. 5,600 கிலோ மீட்டருக்கு மேல் வெறும் கடல்! ஒரு பயணத்துக்கு 27 மணி நேரத்திலிருந்து 33 மணி நேரம் வரை ஆனது. ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரிய உதயத்தைப் பார்க்கலாம் என்பதால் இதற்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்று பெயர். ஜப்பானியர்கள் கண்டுபிடித்து விடுவார்கள் என்பதால் ரேடியோவில் பேசத் தடை. நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டுபிடித்தார்கள். ஏற்றிச் சென்றது மூன்று பயணிகளையும் சுமார் 69 கிலோ தபாலையும்தான்.

போர் வீரர்கள் இப்படிப் பறக்கலாம். டிக்கெட் வாங்கிக் கொண்டு குழந்தை குட்டியுடன் ஏறும் பயணிகளை இப்படி அழைத்துப் போக முடியுமா? முடியாது. ரேடியோ கட்டாயம் வேண்டும்.

1947, 1948: வழிகள் திறந்தன

1947 டிசம்பர் 1-ம் தேதி குவான்டாஸ் நிறுவனத்தின் 'கான்ஸ்டெல்லேஷன்' விமானம் சிட்னியிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ எல்லாம் அதன் வழியில் இருந்தன.

அதற்கு ஒன்பது நாட்கள் கழித்து நம் கடற்கரைக்கு அருகிலேயே ஒரு சர்வதேச விமான வழி தொடங்கியது. 1947 டிசம்பர் 10-ம் தேதி ஏர் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள ரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. வரைபடத்தை எடுத்துக் காங்கேசன்துறையிலிருந்து சென்னைக்கு ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அந்தக் கோடு புதுச்சேரிக்குக் கிழக்கே, கடலில் சுமார் 30 கிலோ மீட்டர் தள்ளித்தான் போகிறது! அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அதாவது அந்த விமானம் இலங்கையில் கிளம்பி, பிரெஞ்சுக்காரர்களின் கரையை ஒட்டிப் பறந்து, இந்தியாவில் இறங்கியது. மூன்று ஆட்சிகள், ஒரே வானம்!

1948 ஜூன் 8-ம் தேதி ஏர் இந்தியா இன்டர்நேஷனல் தன் முதல் வெளிநாட்டுப் பயணத்தைத் தொடங்கியது. 'மலபார் பிரின்சஸ்' என்ற கான்ஸ்டெல்லேஷன் விமானம் 35 பயணிகளுடன் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் சென்றது. அதன் பதிவு எண் விடி-சிக்யூபி. இந்த எண்ணை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

எல்லோருக்கும் ஒரே விதி

இத்தனை நாடுகளைத் தாண்டும் விமானம் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு அலைவரிசையில், ஒவ்வொரு முறையில் பேச வேண்டும் என்றால் என்ன ஆகும்? ஒரு கம்பெனியின் பிரிண்டர் வேறு கம்பெனியின் கம்ப்யூட்டரில் வேலை செய்யாது என்றால் நாம் எப்படித் திண்டாடுவோமோ, அதே நிலைதான்.

இதைத் தீர்க்க 1944 டிசம்பர் 7-ம் தேதி அமெரிக்காவின் சிகாகோ நகரில் 52 நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன் பயனாகச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, சுருக்கமாக ஐ.சி.ஏ.ஓ., 1947 ஏப்ரல் 4-ல் முறைப்படி பிறந்தது. தலைமையிடம் கனடாவின் மான்ட்ரியல் நகரம். அதே 1947-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய உலக ரேடியோ மாநாடு, விமானங்களுக்கென்று தனி அலைவரிசைகளை ஒதுக்கிக் கொடுத்தது. விமானத் தகவல் தொடர்புக்கான விதிகளை ஐ.சி.ஏ.ஓ. 1949-ல் 'பத்தாவது இணைப்பு' என்ற பெயரில் வெளியிட்டது. கம்ப்யூட்டர் பாஷையில் சொன்னால், இதுதான் புரோட்டோகால். யார் முதலில் பேச வேண்டும், எப்படிப் பேச வேண்டும், கேட்டவர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக் கொண்ட விதிமுறை.

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. விமானத் துறை ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க அலகாபாத்தில், அதாவது இன்றைய பிரயாக்ராஜில், 1948-ல் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. விமான நிலையங்களின் ரேடியோ பிரிவுகளில் வேலை செய்தவர்கள் பலர் அங்கே பயின்றவர்களே.

அலை எப்படிப் போகிறது?

ரேடியோ அலைகளில் நமக்கு இங்கே தேவையானவை இரண்டு வகை.

முதல் வகை வி.எச்.எஃப். நம் எஃப்.எம். ரேடியோவுக்குக் கொஞ்சம் மேலே, 118 மெகா ஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறது. பேச்சு தெளிவாகக் கேட்கும். ஆனால் நேர்கோட்டில் மட்டுமே போகும். பூமி உருண்டையாக இருப்பதால் ஒரு தூரத்துக்கு மேல் கிடைக்காது. 8,000 அடி உயரத்தில் பறக்கும் டக்கோட்டாவுக்குச் சுமார் 200 கிலோ மீட்டர். 20,000 அடியில் பறக்கும் கான்ஸ்டெல்லேஷனுக்குச் சுமார் 320 கிலோ மீட்டர். 30,000 அடியில் சுமார் 390 கிலோ மீட்டர். வீட்டில் வைஃபை பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவே சுவர் வந்தால் சிக்னல் குறைகிறதல்லவா? இங்கே அந்தச் சுவர் பூமியேதான்!

காங்கேசன்துறையிலிருந்து சென்னைக்கு ஆகாய வழியில் சுமார் 355 கிலோ மீட்டர். நடுவழியில் இருக்கும் டக்கோட்டாவுக்கு இரண்டு பக்கமும் எட்டும் தூரம்தான். ஆனால் 1954-ல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் சிங்கப்பூருக்கும் பறக்கத் தொடங்கியதே, அதற்கு என்ன செய்வது? சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 2,900 கிலோ மீட்டர், பெரும்பகுதி வங்கக் கடல்.

அங்கேதான் இரண்டாவது வகை வருகிறது. அது எச்.எஃப்., அதாவது சிற்றலை. ஒரு காலத்தில் இலங்கை வானொலியைச் சிற்றலையில் கேட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பூமிக்கு மேலே சுமார் 80 கிலோ மீட்டரிலிருந்து சில நூறு கிலோ மீட்டர் உயரம் வரை அயனி மண்டலம் என்ற அடுக்குகள் உள்ளன. சிற்றலை அதில் பட்டு, கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் பட்டுத் திரும்புவது போலத் திரும்பிப் பூமிக்கு வரும். ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர் தாண்டும்.

ஆனால் இதை நம்பவும் முடியாது. சூரியன் ஏறினால் அயனி மண்டலம் மாறும். எனவே பகலில் ஒரு அலைவரிசை, இரவில் அதைவிடக் குறைந்த வேறு அலைவரிசை என்று மாற்றிக் கொண்டே இருக்க வேண்டும். மின்னல் அடித்தால் கரகரப்பு. வேறு நாட்டு நிலையம் குறுக்கிட்டால் கூச்சல். ஒரே அலைவரிசையில் பத்து விமானங்கள் காத்திருக்கும்.

இன்னொரு சுவையான செய்தி. அந்தக் கால டிரான்ஸ்மிட்டர்களில் அலைவரிசை நகராமல் நிற்க ஒவ்வொன்றுக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகத்தைப் பொருத்தி வைத்திருப்பார்கள். உங்கள் கம்ப்யூட்டரின் மதர்போர்டிலும் அதே இனத்தைச் சேர்ந்த படிகம் உண்டு. கடிகாரத்துக்கான படிகம் ஒரு வினாடிக்கு 32,768 முறை துடிக்கும். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் அது மணி பார்த்துக் கொண்டிருப்பதற்கு இந்தப் படிகமும் ஒரு காரணம்.

ஐந்தாவது ஆள்

கான்ஸ்டெல்லேஷன் விமானத்தின் முன்பகுதியில் இரண்டு பைலட்டுகள், ஒரு இன்ஜினியர், வழி கணக்கிடும் ஒரு நேவிகேட்டர் ஆகியோருடன் ஐந்தாவதாக ரேடியோ ஆபீசர் ஒருவர் இருப்பார். தலையில் ஹெட்போன், கையில் மோர்ஸ் சாவி, எதிரே ஒரு நோட்டு. கரகரப்பில் குரல் அழிந்து போகும்போதும் மோர்ஸின் 'டிட், டா' ஓசை காதில் விழும். அதனால்தான் நீண்ட தூரப் பயணங்களில் மோர்ஸ் வெகு காலம் தாக்குப் பிடித்தது.

அவர் சுருக்கெழுத்தாகக் கியூ குறிகளைப் பயன்படுத்தினார். கியூ.டி.எச். என்றால் 'நீ எங்கே இருக்கிறாய்?' கியூ.எஸ்.எல். என்றால் 'உன் செய்தி கிடைத்தது.' கியூ.டி.எம். என்றால் 'உன் நிலையத்துக்கு வர எந்தத் திசையில் திரும்ப வேண்டும்?' இந்தக் கடைசிக் கேள்வி அருமையானது. விமானத்திலிருந்து சாவியைத் தொடர்ந்து அழுத்திப் பிடிப்பார்கள். தரையில் இருப்பவர் தன் திசைகாட்டும் ஆன்டெனாவால் அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அளந்து பதில் தருவார். மேகத்துக்குள் கண் தெரியாமல் தவிக்கும் விமானத்துக்கு அந்த மூன்று இலக்க எண்தான் ஊன்றுகோல்.

ஒரு விமானம் பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் 30 நிமிடம் ஆகிவிட்டால் தரையில் 'ஐயநிலை' அறிவிக்க வேண்டும் என்பது விதி. அடுத்தது 'எச்சரிக்கை நிலை'. அதற்கும் அடுத்தது 'ஆபத்து நிலை', அதாவது தேடுதல் தொடக்கம்.

டேப்பைக் கிழித்து ரூட்டிங்!

விமானம் கிளம்பியது, இவ்வளவு பேர் இருக்கிறார்கள், இந்த உயரத்தில் வருகிறது என்ற செய்தி அடுத்த ஊருக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். இதற்காகத் தரையில் டெலிபிரிண்டர்கள் கொண்ட ஒரு வலைப்பின்னல் உருவானது. செய்தி காகித டேப்பில் துளைகளாக வரும். ஒரு எழுத்துக்கு ஐந்து துளை இடங்கள். நம் கம்ப்யூட்டர் பாஷையில் ஐந்து பிட்! ஐந்து பிட்டில் 32 வடிவங்கள் மட்டுமே கிடைக்கும் என்பதால் எழுத்துக்கும் எண்ணுக்கும் இடையில் மாற ஷிஃப்ட் குறி ஒன்று வைத்தார்கள். உங்கள் கீபோர்டில் இருக்கும் ஷிஃப்ட்டுக்கு நெருங்கிய உறவு.

இடை நிலையத்தில் ஒரு மெஷினிலிருந்து டேப்பைக் கிழித்து, முகவரியைப் படித்து, அடுத்த ஊருக்குப் போகும் மெஷினில் மாட்டுவார் ஓர் ஊழியர். இன்று உங்கள் வீட்டு ரூட்டர் செய்வதும் இதுதான். அன்று அந்த ரூட்டர் ஒரு மனிதர்!

முகவரி எட்டு எழுத்து. முதல் நான்கு எழுத்து ஊரைக் குறிக்கும். இன்றும் வழக்கில் உள்ள குறிகளைப் பாருங்கள். சென்னை வி-ஓ-எம்-எம். புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையம் வி-ஓ-பி-சி. மும்பை வி-ஏ-பி-பி. முதல் எழுத்து 'வி' என்றால் தெற்கு ஆசியா பக்கம், 'வி-ஓ' என்றால் தென்னிந்தியா, 'வி-சி' என்றால் இலங்கை. வெப்சைட் முகவரியின் கடைசியில் 'இன்' என்று இருந்தால் இந்தியா என்று கண்டுபிடிக்கிறோமே, அதே யோசனைதான்.

செய்தி தொடங்குவதற்கு இசட்-சி-இசட்-சி, முடிவதற்கு என்-என்-என்-என் என்று அடையாளம் வைத்தார்கள். வெப் பக்கம் எழுதப் பழகியவர்கள் இதைப் பார்த்தவுடன் டேக் திறப்பதும் மூடுவதும் என்று சொல்லி விடுவீர்கள். எஸ்-எஸ் என்று முன்னுரிமை போட்டால் அது உயிர் ஆபத்துச் செய்தி. மற்ற எல்லாச் செய்திகளும் ஒதுங்கி வழி விட வேண்டும்.

விமானக் கம்பெனிகளும் தங்கள் சொந்தச் செய்திகளுக்காக 1949-ல் 11 கம்பெனிகள் சேர்ந்து 'சிட்டா' என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. 2002-ல் இண்டர்நெட்டில் விமானத் துறைக்கென்று 'ஏரோ' என்ற டொமைன் வந்தபோது அதை முன்னின்று நடத்தியதும் இதே சிட்டாதான்.

வேகம் எவ்வளவு? 1,000 எழுத்து உள்ள ஒரு செய்தியை அனுப்ப:

* மோர்ஸ், நிமிடத்துக்கு 20 வார்த்தை: 8 நிமிடத்துக்குச் சற்று மேல்
* டெலிபிரிண்டர், 50 பாட்: இரண்டரை நிமிடம்
* டயல்-அப் மோடம், 56 கே.பி.பி.எஸ்.: ஒரு வினாடியில் ஏழில் ஒரு பங்கு
* இன்றைய பிராட்பேண்ட்: கண் இமைப்பதற்குள் பல ஆயிரம் முறை அனுப்பலாம்!

ஒரு பெரியவர் சொன்னது

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற வயர்லெஸ் ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். இப்போது அவர் இல்லை. நான் முதன்முதலாக வீட்டில் மோடம் வாங்கிய காலத்தில் அதன் 'கீ...ங்' சத்தம் கேட்டு உள்ளே வந்தவர், சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டு விட்டு, "தம்பி, ரெண்டு மெஷினும் ஒண்ணை ஒண்ணு விசாரிச்சுக்குது. எந்த வேகத்துல பேசலாம்னு கேக்குது" என்றார். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர்!

"உங்க காலத்துல எப்படிங்க ஐயா?" என்று கேட்டேன். மழைக் காலத்து இரவு ஷிஃப்ட் ஒன்றைப் பற்றிச் சொன்னார். கடல் மேல் வந்து கொண்டிருந்த ஒரு விமானம் சொல்ல வேண்டிய நேரத்தில் இருப்பிடத்தைச் சொல்லவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம். காது நிறைய மின்னல் கரகரப்பு. பக்கத்து நிலையத்தைக் கேட்டால் அவர்களுக்கும் கேட்கவில்லை. "காகிதத்துல நேரத்தை எழுதிட்டு, பேனாவைக் கீழ வைக்க மனசு வரலப்பா. உள்ள எத்தனை பேருன்னு அந்த டெலிபிரிண்டர் காகிதம் எதுக்க தொங்குது." முப்பது நிமிடம் நெருங்கும்போது, இரவு அலைவரிசையை விட்டு இன்னொன்றில் தேடியபோது, மிக மெல்லிய மோர்ஸ் ஓசை கேட்டதாம். விமானத்துக்கு ஒன்றும் இல்லை. அலைதான் எட்டவில்லை. "நான் 'ஆர்'னு ஒரே எழுத்துத்தான் அடிச்சேன். கிடைச்சுதுன்னு அர்த்தம். அந்த ஒரு எழுத்துக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்" என்றார்.

நண்பர்களே, இண்டர்நெட்டில் நீங்கள் ஒரு ஃபைலை டவுன்லோடு செய்யும்போது உங்கள் கம்ப்யூட்டரும் இதைத்தான் செய்கிறது. வந்து சேர்ந்த பாக்கெட்டுகளுக்குக் 'கிடைத்தது' என்று பதில் அனுப்பிக் கொண்டே இருக்கிறது. பதில் வராவிட்டால் அந்தப் பக்கம் திரும்ப அனுப்பும். இதற்குத்தான் அக்னாலட்ஜ்மென்ட் என்று பெயர்.

பி-யா, டி-யா?

குரலில் பேசும்போது இன்னொரு சிக்கல். பி, டி, சி, ஈ, ஜி, வி எல்லாம் கரகரப்பில் ஒரே மாதிரி கேட்கும். போர்க் காலத்தில் 'ஏபிள், பேக்கர்' என்ற வார்த்தைப் பட்டியல் இருந்தது. நான் நினைவில் வைக்கச் சொன்ன விடி-சிக்யூபி-யை 'விக்டர், டேர், சார்லி, குவீன், பீட்டர்' என்று சொல்ல வேண்டும். ஆனால் இது ஆங்கிலேயர் நாக்குக்கு மட்டுமே பொருத்தம். எனவே மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் மொழியியல் பேராசிரியர் ழான்-போல் வினே அவர்களின் உதவியுடன், பல மொழிக்காரர்களும் சொல்லக் கூடிய வார்த்தைகளை ஐ.சி.ஏ.ஓ. தேர்ந்தெடுத்தது. பல மாற்றங்களுக்குப் பிறகு 1956 மார்ச் 1 முதல் இன்றைய பட்டியல் நடைமுறைக்கு வந்தது. இதோ:

ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா, எக்கோ, ஃபாக்ஸ்ட்ராட், கால்ஃப், ஹோட்டல், இந்தியா, ஜூலியட், கிலோ, லீமா, மைக், நவம்பர், ஆஸ்கர், பாப்பா, கெபெக், ரோமியோ, சியரா, டாங்கோ, யூனிஃபார்ம், விக்டர், விஸ்கி, எக்ஸ்ரே, யாங்கீ, சூலு.

நம் நாட்டின் பெயரும் அதில் இருப்பதைக் கவனித்தீர்களா? ஜூலியட் என்பதை இந்தப் பட்டியலில் கடைசியில் இரண்டு 'டி' போட்டு எழுதுவார்கள். காரணம், பிரெஞ்சில் கடைசியில் ஒரே 'டி' வந்தால் அதை உச்சரிக்க மாட்டார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை! ஆபத்தில் மூன்று முறை சொல்லும் 'மேடே' என்பதும் பிரெஞ்சுதான். 1920-களில் லண்டன் குராய்டன் விமான நிலையத்து ரேடியோ அதிகாரி ஃபிரடெரிக் மாக்ஃபோர்டு இதைக் கண்டுபிடித்தார். அங்கே வந்த விமானங்களில் பல பாரீஸிலிருந்து வந்தவை என்பதால், 'எனக்கு உதவுங்கள்' என்ற பொருளில் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் 'மெதே' என்ற ஒலியை எடுத்துக் கொண்டார். அவசர நிலையைச் சொல்லும் 'பான்-பான்' என்பதும், வண்டி பழுதாகி நின்றால் பிரெஞ்சில் சொல்லும் 'பான்' தான்.

பழைய பட்டியலில் 'ஆர்' என்ற எழுத்துக்கு 'ரோஜர்' என்று பெயர். மோர்ஸில் 'ஆர்' என்றால் 'கிடைத்தது'. எழுத்தின் பெயர் ரோமியோ என்று மாறினாலும், பைலட்டுகள் இன்றும் 'ரோஜர்' என்றே சொல்கிறார்கள்.

ஒரு வார்த்தை புரியாவிட்டால்...

இத்தனை ஏற்பாடு எதற்கு என்று தோன்றலாம். நம் முதல் வெளிநாட்டுப் பயணத்தைச் செய்த அதே மலபார் பிரின்சஸ், 1950 நவம்பர் 3-ம் தேதி ஜெனீவாவை நெருங்கும்போது ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளான் சிகரத்தில் மோதியது. 48 பேரும் இறந்தார்கள். 1966 ஜனவரி 24-ம் தேதி ஏர் இந்தியாவின் 'கஞ்சன்ஜங்கா' என்ற போயிங் 707 விமானம் அதே மலையில் மோதி 117 பேர் மாண்டார்கள். விஞ்ஞானி ஹோமி பாபா அவர்களில் ஒருவர். அந்த விமானத்தின் வழிகாட்டும் ரிசீவர்களில் ஒன்று பழுதாகி இருந்தது. தரையில் ரேடாரைப் பார்த்துக் கொண்டிருந்த கட்டுப்பாட்டாளர், விமானம் மோன் பிளானிலிருந்து எங்கே இருக்கிறது என்று ரேடியோவில் திருத்திச் சொன்னார். சொன்ன வாக்கியம் தெளிவாக இல்லை. மலையைத் தாண்டி விட்டோம் என்று பைலட் புரிந்து கொண்டு தொடர்ந்து கீழே இறங்கினார். ரேடியோ நன்றாகத்தான் வேலை செய்தது. செய்தியும் போய்ச் சேர்ந்தது. பொருள்தான் போய்ச் சேரவில்லை.

1996 நவம்பர் 12-ல் டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் இரண்டு விமானங்கள் நடுவானில் மோதி 349 பேர் இறந்ததும் நினைவிருக்கலாம். 15,000 அடியில் இருக்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கி விட்டது. அந்த விமானத்தில் தரையுடன் பேசியவர் பைலட் அல்ல, தனி ரேடியோ ஆபரேட்டர். அவருக்கென்று தனி உயரமானி இல்லை. விமானக் குழுவினரின் ஆங்கிலமும் போதவில்லை. சர்வதேச வழிகளில் பறக்கும் பைலட்டுகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் மொழித் தேர்ச்சி வேண்டும் என்ற ஐ.சி.ஏ.ஓ. விதி 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இன்று கட்டுப்பாட்டாளர் சொல்லும் உயரத்தையும் திசையையும் பைலட் அப்படியே திருப்பிச் சொல்லியாக வேண்டும். சரிபார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

இன்று என்ன நிலை?

ரேடியோ ஆபீசரின் நாற்காலி இன்றைய பயணிகள் விமானத்தில் இல்லை. நடுக்கடலில் பறக்கும்போது சாட்டிலைட் வழியாக எழுத்துச் செய்தி அனுப்புகிறார்கள். சென்னை, மும்பை, கொல்கத்தா கட்டுப்பாட்டு மையங்களில் இந்த வசதி உண்டு. 'இந்த உயரத்துக்கு ஏறு' என்று திரையில் வரும். பைலட் 'வில்கோ' என்ற பட்டனை அழுத்தினால் 'செய்கிறேன்' என்று பதில் போகும். எஸ்.எம்.எஸ். போலத்தான்! ஆனால் சிற்றலை ரேடியோவை விட்டு விடவில்லை. எல்லாம் கைவிட்டால் அது இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள். பேக்கப்பின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

இதை நீங்களே உங்கள் கம்ப்யூட்டரில் பார்க்கலாம்:

1. பிரவுசரைத் திறந்து, சர்ச் பெட்டியில் 'பிளைட்ரேடார்24' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.
2. உலக வரைபடம் வரும். மவுஸின் நடுச் சக்கரத்தை உருட்டிப் புதுச்சேரி கடற்கரையைப் பெரிதாக்குங்கள்.
3. மஞ்சள் நிற விமானம் ஒன்றின் மேல் கிளிக் செய்யுங்கள். அதன் பெயர், உயரம், வேகம், எங்கிருந்து எங்கே என்பது எல்லாம் பக்கத்தில் தெரியும்.

விமானங்கள் 1090 மெகா ஹெர்ட்ஸில் தங்கள் இருப்பிடத்தைத் தாமாகவே அறிவித்துக் கொண்டிருக்கின்றன. அதைப் பல ஊர்களில் உள்ள ஆர்வலர்கள் சிறிய ரிசீவர்களால் பிடித்து இண்டர்நெட்டில் சேர்க்கிறார்கள். இணையதளத்தில் பார்க்க உங்களுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஆனால் சொந்தமாக ரேடியோ கருவி வாங்கி வைப்பதற்கு நம் நாட்டில் உரிம விதிகள் உண்டு. ஆர்வம் இருந்தால் முறைப்படி அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதி உரிமம் பெறுங்கள்.

கடைசியாக வீட்டுக்குப் பயன்படும் மூன்று குறிப்புகள்:

* சாஃப்ட்வேரின் சீரியல் எண்ணையோ இ-மெயில் முகவரியையோ போனில் சொல்லும்போது 'பி ஃபார் பிராவோ, டி ஃபார் டெல்டா' என்று சொல்லிப் பழகுங்கள்.
* எதிரில் இருப்பவரை அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "சரி சரி, எழுதிக்கிட்டேன்" என்றால் விடாதீர்கள்.
* பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் மட்டும் யார் கேட்டாலும், எந்த எழுத்து முறையிலும் சொல்லக் கூடாது!

மேலே உள்ள 26 வார்த்தைகளை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். இரண்டே நாளில் மனப்பாடம் ஆகிவிடும். உங்கள் பெயரை அதில் எழுதிப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். வாழ்த்துக்கள்!